மூன்றாவது துடைப்பம்

அன்று நான் கிளப்புக்குச் சீக்கிரம் போனதற்குக் காரணம் ஒரு எலுமிச்சைக் கேக். ஆட்டம் முடிந்ததும் எதிரணியோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து ஏதாவது தின்று குடித்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். பருவத்தின் முதல் ஆட்டத்துக்குத் தின்பண்டம் என் பொறுப்பு. அதை வண்டியிலேயே வைத்திருந்தால் செங்கல்லாகிவிடும், எங்கள் மானிடோபா மாகாணத்தின் நவம்பர் அப்படி. சாயங்காலம் ஐந்து மணிக்கே கும்மிருட்டு. எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க வாசல் கம்பத்து மின்துளையில் வண்டியின் சூடேற்றி வயரைச் சொருகிவிட்டு, கேக் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன்.

வில்லோபெண்ட் கோல்ஃப் கிளப் என்றுதான் பெயர்ப்பலகை சொல்லும். பாதி வருஷம் அந்தப் பலகையே பனியில் புதைந்து கிடக்கும். புல்வெளியில் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு ஆள்கள் சுற்றுவார்கள். ஒன்பதாம் குழி மேட்டிலிருந்து பிள்ளைகள் பலகையில் சறுக்கிக் கூச்சல் போடுவார்கள். எங்களைப் போன்ற வயசாளிகளுக்குக் கிளப்பின் பின்கட்டில் உள்ள நீண்ட பனித்தளம்தான் கதி. கர்லிங் ஆடுவோம். ஒருவர் கனமான கல்லைச் சறுக்கிவிடுவார். இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டே துடைப்பத்தால் பனியைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் தூரம் போகும். அந்தக் கோடியில், கல் போய் நிற்க வேண்டிய வட்டத்துக்குள் நின்றுகொண்டு கேப்டன் கத்துவாள். எங்கள் கேப்டன் மர்லீன் நாட்யுக்.

உள்ளே விளக்கு போடவில்லை. வெளியேறும் வாசலுக்கு மேலே இருந்த சிறிய சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பனியின் மேல் அதன் வெளிச்சம் கொஞ்சம் படர்ந்து, பிறகு இருட்டில் கரைந்தது.

யாரோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரசரசர என்று, அவசரமாக, மூச்சுவிட இடம் கொடுக்காமல். சத்தம் அந்தக் கோடியிலிருந்து என்னை நோக்கி வந்தது. என் காலடி வரை வந்து, திரும்பி, மறுபடியும் அந்தக் கோடிக்குப் போனது.

“டெல்பர்ட்?” என்று கூப்பிட்டேன். தளத்தைப் பராமரிக்கிறவன் அவன்தான். “இருட்டுல என்னய்யா பண்ற?”

 சத்தம் நிற்கவில்லை. சுவரைத் தடவி விளக்கைப் போட்டேன். குழல் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி எரிய எரிய, சத்தம் தேய்ந்து தேய்ந்து எதிர்ச்சுவருக்குள் போய்விட்டது போல அடங்கியது. தளத்தில் ஈ காக்கைகூட இல்லை. மூட்டுவலித் தைலத்தின் வாசனை மட்டும் லேசாக வந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் டெல்பர்ட் பனியின் மேல் தண்ணீர் தெளிப்பான். துளித்துளியாக உறைந்து தளம் முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். அன்று நடுத்தளத்தில் மட்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு துடைப்பம் அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு பட்டை ஓடியது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்த டெல்பர்ட் என்னைத்தான் திட்டினான். “மத்தியானமே தெளிச்சுட்டுப் போனேன். அதுக்குள்ள எவடி என் தளத்துல நடந்தது?”

“உன் தளத்துல நடக்க எனக்கு என்ன வேண்டுதலா?” என்று நானும் சீறினேன். பேய் என்று நினைக்கவே இல்லை. எனக்கு அந்த மாதிரி புத்தி கிடையாது. என் சமையலறையில் கறுப்புப் பூனை இருக்கிறது, ஏணிக்கு அடியில் போவேன், வருவேன். ஆனாலும் அந்த வாசனையை எனக்குத் தெரியும். இருபது வருஷமாக அதன் பக்கத்தில் நின்று தேய்த்தவள் நான்.

அது ஓரெஸ்டின் தைலம்.

ஓரெஸ்ட் மர்லீனின் கணவர். போன மார்ச் மாதம், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், அதே நடுத்தளத்தில்தான் செத்துப்போனார். கல்லுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். மர்லீன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள், அவள் குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். “தேயி! தேயி! விடாத ஓரெஸ்ட், தேயி!” என்று கத்தினாள். மனுஷன் தேய்த்தார். கல் வட்டத்தின் நடுப்புள்ளியில் போய் உட்கார்ந்தது. நாங்கள் ஜெயித்தோம். மர்லீன் துடைப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் குதித்தாள். ஓரெஸ்ட் தன் துடைப்பத்தின் மேலேயே கவிழ்ந்து விழுந்தார். திருப்பிப் போட்டபோது கண் திறந்திருந்தது, உயிர் இல்லை.

வாயில்லாப் பூச்சி என்பார்களே, அப்படிப்பட்ட மனுஷன். டிராக்டர் பழுது பார்ப்பார். பேச்சு குறைவு. மர்லீன் சொன்னால் செய்வார், நிறுத்து என்றால் நிறுத்துவார்.

அவர் இடத்துக்கு இந்த வருஷம் மகன் நெஸ்டர் வருவதாக ஏற்பாடு. முப்பத்தைந்து வயசு. அப்பாவைப் போலவே ஒல்லி, அப்பாவைப் போலவே அமைதி. எனக்கு அதில் இஷ்டமில்லை. நாட்யுக் வீட்டு ஆண்களுக்கு இதயம் சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். நெஸ்டரின் தாத்தா அறுவடை இயந்திரத்தின் மேலேயே சரிந்தவர், நாற்பதைத் தாண்டவில்லை. ஒன்றும் தெரியாததுபோல நடந்துகொண்டவள் மர்லீன் ஒருத்திதான்.

முதல் ஆட்டத்தன்று நெஸ்டர் வரவில்லை. நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன், அன்று பார்த்து பனி கொட்டியது. மூன்று பேராக ஆட விதி உண்டு. நான், மர்லீன், பிறகு கிளேட்டன். கிளேட்டன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், வாய் ஓயாது.

என் தட்டைப் பார்த்ததும், “கேக்கா வெர்னா இது? போன வருஷம் கடிச்சதுல என் பல்லு ஆடிருச்சு” என்றான்.

“உனக்கு ஆடறது பல்லு மட்டும்னா நெனச்சுக்கிட்டிருக்க?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மர்லீன் கூடச் சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன், மனசு குளிர்ந்தது.

என் முதல் கல் சொத்தை. கையை விட்டதுமே தெரிந்தது, பாதித் தூரம்கூடப் போகாது. கிளேட்டன் ஒருத்தன்தான் தேய்க்க இருந்தான். எதிர்க்கோடியிலிருந்து மர்லீன் பழக்கதோஷத்தில் கத்திவிட்டாள்.

“தேயி! ஓரெஸ்ட், தேயி!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல் நிற்கவில்லை.

அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. கிளேட்டனின் துடைப்பம் ஒரு பக்கம் சரக், சரக் என்று போனது. கல்லின் மறுபக்கத்தில், ஆளே இல்லாத பக்கத்தில், இன்னொரு துடைப்பம் சரசரசர என்று அவனைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டது.

கல் வட்டத்துக்குள் போய் நின்றது. அப்போது மர்லீனின் முகத்தைப் பார்த்தேன். பயந்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். பயமே இல்லை. கல்யாணப் பெண் மாதிரி முகம் சிவந்திருந்தது.

பிறகு மேஜையில் கிளேட்டன் விஸ்கிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். “வெர்னா, என் எதிர்ல யாரோ மூச்சு வாங்கினாங்க” என்றான் மெதுவாக.

“குளிர்சாதன இயந்திரம் அது. குடிச்சுட்டு வீடு போய்ச் சேரு.”

“இயந்திரத்துக்கு இருமல் வருமா?”

நான் எழுந்துபோய் எதிரணிக்காரர்களுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தேன்.

அடுத்த ஆட்டத்திலிருந்து நெஸ்டரும் சேர்ந்துகொள்ள, டிசம்பர் முழுக்க ஜெயித்தோம். ஊரே மூக்கில் விரல் வைத்தது. மர்லீன் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு ஆட வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கிளப்பில் இறைச்சிப் பொட்டலத்தைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கும்போது நாலு பொம்பளைகள் சேர்ந்தால் அவள் கதைதான், யாரோ ஆள் கிடைத்துவிட்டதாம். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஆள் யார் என்று எனக்குத் தெரியும். நெஸ்டர்தான் நாளுக்கு நாள் மெலிந்தான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

“என்னடா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஒண்ணுமில்ல வெர்னாம்மா. துடைப்பம் என் கையில கனமாவே இல்ல. நான்தான் அத பிடிச்சுக்கிட்டுப் பின்னால ஓடற மாதிரி இருக்கு.”

ஜனவரியில் ஒரு மத்தியானம், பனிச்சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு புல்வெளியைச் சுற்றி வந்தேன். கிளப் வாசலில் மர்லீனின் வண்டி தனியாக நின்றது. கட்டைகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

விளக்கு எரிந்தது. மர்லீன் மட்டும். மண்டியிட்டு ஒரு கல்லை மெதுவாக, குழந்தையை ஊஞ்சலில் தள்ளிவிடுகிற மாதிரி, விட்டாள். அது ஐந்தாறு அடியில் நின்றிருக்க வேண்டிய கல்.

“தேயி ராசா” என்றாள். கத்தவில்லை. படுக்கையில் பேசுகிற குரலில் சொன்னாள்.

கல்லுக்கு முன்னால் பனித்தூள் இரண்டு பக்கமும் சிதறுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அங்கே ஆள் இல்லை, துடைப்பம் இல்லை. தூள் மட்டும் பறந்தது. சரசரசர. அதற்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. ஈரமான, கிழிந்த, இழுத்து இழுத்து விடுகிற சத்தம்.

 சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“மர்லீன்.”

அவள் திரும்பினாள். வெட்கப்படவில்லை. “பாத்தியா? இங்கதான் இருக்காரு. நான் கூப்பிட்டா வர்றாரு.”

“மூச்சு வாங்குதுடி அவருக்கு. கேக்கலையா உனக்கு? செத்தும் மூச்சு வாங்குது அந்த மனுஷனுக்கு!”

“அந்த மூச்சாவது கேக்குதே” என்றாள் அவள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “உயிரோட இருந்தப்ப உனக்காகத் தேய்ச்சது போதாதா? இன்னும் எதுக்கு அவர வதைக்கிற?” என்று கத்திவிட்டேன். அவள் அப்படியே பனியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளாடை வரை ஈரமேறியது.

“டாக்டர் ஆடவே கூடாதுன்னு சொல்லியிருந்தாரு, வெர்னா. எனக்கும் தெரியும். இந்த ஒரு ஆட்டம் மட்டும்னு நான்தான் கெஞ்சினேன். சரின்னாரு. ‘முடியலன்னா உன் மூஞ்சியப் பார்ப்பேன், நீ போதும்னு சொல்லு, நிறுத்திடறேன்’னாரு.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பார்த்தாரு. ரெண்டு தடவ தலைய தூக்கிப் பார்த்தாரு. நான் கல்லப் பார்த்துக்கிட்டிருந்தேன். போதும்னு நான் சொல்லவே இல்ல.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் கிளப்பில் இது சட்டம் மாதிரி. தேய்க்கிறவன் தானாக நிறுத்த மாட்டான். எதிரணி சொன்னாலும் நிறுத்த மாட்டான், கூடத் தேய்க்கிறவர் சொன்னாலும் நிறுத்த மாட்டான். தன் கேப்டன் ‘போதும்’ என்றால்தான் துடைப்பத்தைத் தூக்குவான். ஓரெஸ்டுக்கு இன்னும் அந்தச் சொல் வரவில்லை.

“அப்ப இப்ப சொல்லு. அவர விடு.”

“சொன்னா போயிடுவாரு.”

“போகட்டும்டி!”

“உன் புருஷன் வீட்ல குறட்டை விட்டுத் தூங்கறான். நீ பேசுவ” என்றாள். எழுந்து அடுத்த கல்லை எடுத்தாள். அவளோடு அதற்கு மேல் பேச முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். கதவு மூடும்போது “தேயி ராசா” என்று மறுபடியும் கேட்டது.

பிப்ரவரிப் போட்டிக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அணிகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறுதியாட்டம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கிளப்பே நிரம்பி வழிந்தது. முட்டைக்கோஸ் சுருளும் சூடான மாவுக் கொழுக்கட்டையுமாகத் தட்டுகள் சுற்றின. பளீரென்ற விளக்கு, சிரிப்பு, பீர் கோப்பை. அந்த இடத்தில் பயப்பட ஒன்றுமே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளேட்டன் கல்லை விட்டான். தேய்க்க நானும் நெஸ்டரும்.

“தேயி!” என்றாள் மர்லீன். “தேயி! விடாத!”

தேய்த்தோம். எனக்கு இடப்பக்கம் நெஸ்டர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், துடைப்பம் நுழைய இடமே இல்லாத இடத்தில், மூன்றாவது துடைப்பம் கேட்டது. தைல வாசனை மூக்கில் ஏறியது. என் கன்னத்தில் யாருடைய மூச்சோ பட்டது. சில்லென்று இருந்தது.

கல் நின்றது, சரியான இடத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைதட்டல். நான் துடைப்பத்தைத் தூக்கினேன்.

நெஸ்டர் தூக்கவில்லை.

நின்ற கல்லுக்கு முன்னால் தேய்த்தான். பிறகு அதைத் தாண்டினான். கல்லே இல்லாத வெறும் பனியைத் தேய்த்துக்கொண்டு சுவர்வரை போனான். திரும்பினான். மறுகோடியை நோக்கிப் போனான்.

கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தார்கள். கோமாளித்தனம் பண்ணுகிறான் என்று நினைத்துக் கோப்பைகளை உயர்த்தினார்கள்.

“நெஸ்டர்! போதும்டா!” என்றேன்.

“கை நிக்க மாட்டேங்குது” என்றான். தலையைத் தூக்கவும் முடியவில்லை அவனால். “வெர்னாம்மா, கை நிக்க மாட்டேங்குது.”

ஓடினேன். அவன் கையைப் பார்த்தேன். கையுறைக்கு வெளியே மணிக்கட்டில் தோல் அமுங்கி வெளுத்திருந்தது. அவன் கைகளுக்கு மேல் இன்னொரு ஜோடிக் கைகள் இறுக்கிப் பிடித்திருப்பது போல விரல் விரலாக வெள்ளைத் தடம் தெரிந்தது.

கிளேட்டன் பாய்ந்து துடைப்பத்தைப் பிடித்தான். நல்ல கனத்த ஆள். அவனையும் சேர்த்து அது பனியில் இழுத்துக்கொண்டு போனது.

“போதும்! போதும்!” என்று நான் கத்தினேன். கிளேட்டன் கத்தினான். எதிரணிக் கேப்டனும் கத்தினார். எங்கள் யார் சொல்லும் எடுபடவில்லை.

நெஸ்டரின் உதடு நீலமாகிவிட்டது. மூச்சு ஈரமாக, கிழிந்து, இழுத்து இழுத்து வந்தது. அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

மர்லீன் வட்டத்துக்குள் அப்படியே நின்றாள். அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு சொல். சொன்னால் மகன் பிழைப்பான், சொன்னால் ஓரெஸ்ட் போய்விடுவார். அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த நிமிஷம் அவளை அறைந்து கொன்றுவிடலாம் போல இருந்தது எனக்கு. “பாவி! சொல்லித் தொலைடி!” என்று அலறினேன்.

நெஸ்டர் தேய்த்துக்கொண்டே அவளை நோக்கி வந்தான். கஷ்டப்பட்டுத் தலையைத் தூக்கினான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

மறுபடியும் பார்த்தான்.

“போதும்” என்றாள் மர்லீன். குரல் உடைந்திருந்தது. “போதும், ஓரெஸ்ட். நிறுத்திடுங்க. போதும்.”

துடைப்பம் நின்றது.

நெஸ்டர் முழங்காலில் விழுந்தான். நான் அவன் நெஞ்சில் காதை வைத்தேன். தாறுமாறாக அடித்தது, ஆனால் அடித்தது. கிளேட்டன் அவனைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். உசிர் போகவில்லை, இனி இந்த ஆட்டம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்று பனித்தளத்தில் தைல வாசனை துளிகூட இல்லை. மர்லீன் வெகுநேரம் வட்டத்தில் உட்கார்ந்து அழுதாள். நல்ல அழுகை. புருஷனுக்கு அவள் அழ வேண்டிய அழுகையை அன்றுதான் அழுகிறாள் என்று தோன்றியது. எனக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. முடிந்தது என்றே நம்பினேன்.

மார்ச் கடைசியில் டெல்பர்ட் குளிர்சாதன இயந்திரத்தை நிறுத்தினான். கிளப் பெட்டியில் கிடந்த தன் காலணிகளை எடுக்க வேண்டும், துணைக்கு வா என்று மர்லீன் கூப்பிட்டாள். போனோம். தளத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. காலணிகளைப் பையில் போட்டாள்.

அந்தக் கோடியில் வட்டம் இருந்த இடத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

“தேயி.”

ஆண் குரல். கத்தவில்லை, அதட்டவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்கிற மாதிரி அமைதியான குரல்.

மர்லீனின் கையிலிருந்து பை விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அவள் இரண்டு கைகளும் வயிற்றுக்கு முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்தன. ஒரு கம்பைப் பிடித்ததுபோல மூடிக்கொண்டன. பிறகு அசைய ஆரம்பித்தன.

“வெர்னா” என்றாள். “நான் செய்யல இத.”

இது ஏப்ரல். புல் பச்சை பிடித்துவிட்டது, கிளப்பில் கோல்ஃப் தொடங்கிவிட்டார்கள். மர்லீன் தன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து முன்னும் பின்னுமாகக் கைகளை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். தூக்கத்திலும் நிற்பதில்லை. நரம்புக் கோளாறு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உள்ளங்கை புண்ணாகிச் சீழ் வைத்திருக்கிறது. நான்தான் கட்டுப் போடுகிறேன், ஸ்பூனால் சூப் ஊட்டுகிறேன். நெஸ்டர் அவள் காலடியில் உட்கார்ந்து “போதும்மா, போதும்மா” என்று நாள் முழுக்கச் சொல்லிப் பார்க்கிறான். அவன் சொல்லி என்ன பிரயோசனம்? கேப்டன் சொல்ல வேண்டும்.

நேற்று என்னால் தாங்க முடியவில்லை. சூப் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து நடைவழிக்குப் போனேன். அதன் கோடியில் ஓரெஸ்டின் பழைய அறை இருக்கிறது, கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. தைல வாசனை முகத்தில் அடித்தது.

“ஓரெஸ்ட்” என்றேன்.  “அவ செஞ்சது தப்புதான். தப்புன்னு அவளுக்கும் தெரியும். செத்துடுவா சாமி. போதும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

 சமையலறையில் மர்லீனின் மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது.

பிறகு இருட்டுக்குள்ளிருந்து அவர் பேசினார். உயிரோடு இருந்த காலத்தில் என்னிடம் எப்படிப் பேசுவாரோ அதே பணிவு, அதே பொறுமை.

“அவசரப்படாதீங்க வெர்னா. கல்லு இன்னும் வந்து சேரலயே.”

எனக்குப் பின்னால் மர்லீனின் கைகள் வேகம் எடுத்தன.